பூட்டைப் போட்டால் வீடு காலியாகாது
வாசகர் சட்டக் கேள்விகள்: வீட்டு வாடகை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எழுதியவை. குடியிருப்பவரை எப்படிக் காலி செய்ய வைப்பது என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். அவரைக் குடிவைத்த அன்று என்ன எழுதிக்கொண்டார்கள், அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான் என்பதால், கீழே வரும் பதில்கள் பலவும் அங்கேயே போய் நிற்கும். எல்லாக் கடிதங்களும் தமிழ்நாட்டு நகரங்களிலிருந்து வந்தவை. பதில்களும் தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ள சட்டத்தைப் பற்றியவை.

கேள்வி: சென்னை கொளத்தூரில் எனக்குச் சொந்தமான வீட்டின் மாடிப் பகுதியை 2021ஆம் ஆண்டில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு விட்டேன். 20 ரூபாய் முத்திரைத் தாளில் 11 மாத ஒப்பந்தம் போட்டோம். அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. நான்கு மாதங்களாக வாடகை வரவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். மாடிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீர் மோட்டாரையும் நிறுத்திவிட்டால் தாங்களாகவே போய்விடுவார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிடலாமா? (வீட்டு உரிமையாளர், கொளத்தூர்)

பதில்: மாற்றக் கூடாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. இதை இவ்வளவு நேராகச் சொல்வதற்குக் காரணம், நியாயம் முழுவதும் தங்கள் பக்கம் இருக்கும் ஒரு விவகாரத்தை ஒரே மாலையில் தங்களுக்கு எதிரான விவகாரமாக மாற்றிவிடக்கூடிய செயல்கள் இவை இரண்டும்தான்.

வாடகைப் பாக்கி எவ்வளவு இருந்தாலும், குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் தடுத்து நிறுத்துவதை வாடகைச் சட்டமே தடை செய்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனுக் கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே வசதிகளை மீண்டும் வழங்கும்படி இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்படலாம். உரிமையாளர் இழப்பீடு செலுத்த வேண்டியும் வரலாம். பூட்டை மாற்றுவது இதைவிடச் சிக்கலானது. சட்டப்படியான நடைமுறை இன்றி அனுபவத்திலிருந்து (அதாவது, சொத்தைத் தம் கைவசம் வைத்திருக்கும் நிலையிலிருந்து) வெளியேற்றப்பட்டவர், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், தாம் அங்கே இருந்ததையும் வெளியேற்றப்பட்டதையும் மட்டும் காட்டி, ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அனுபவத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. உள்ளே இருந்த நகை காணவில்லை என்று காவல் நிலையத்தில் ஒரு புகாரும் சேர்ந்துகொண்டால், நான்கு மாத வாடகையான 48,000 ரூபாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இனிச் செய்யக்கூடியதைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தாங்கள் குடிவைத்தது 2021இல் என்பதால் இந்தச் சட்டமே தங்களுக்குப் பொருந்தும். எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது என்பதும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இதன் அடிப்படை. வாடகை அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். பதிவுக்கான விண்ணப்பத்தை இணையத்திலேயே செலுத்தலாம். பதிவானதும் ஓர் எண் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். பதிவு என்றதும் சார்பதிவாளர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அங்கே பதிய வேண்டும் என்பதால், அந்தச் செலவைத் தவிர்க்கவே 11 மாதம் என்ற வழக்கம் நம்மிடையே பிறந்தது. ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அது 11 மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு. மூன்றாண்டு ஒப்பந்தம் போடுகிறவருக்கு இரண்டு பதிவுகளும் தேவை. 11 மாதம் போடுகிறவர் ஒன்றிலிருந்து மட்டுமே தப்புகிறார். வாடகை அதிகாரியிடம் பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று பின்னர் ஒரு திருத்தமும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

தாங்கள் அனுப்பியிருந்த ஒப்பந்த நகலைப் படித்தேன். சொத்து விவரம் எழுதப்பட்ட பத்தியில், ‘ரோலிங் ஷட்டர் பொருத்திய கடை ஒன்று, அதன் முன்புறத் தளம் உட்பட’ என்று தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவருடைய கடைக்காக அடித்து வைத்திருந்த மாதிரியில் பெயரையும் வாடகைத் தொகையையும் மட்டும் மாற்றி, கடை என்பதை மாடி வீடு என்று மாற்ற மறந்துவிட்டார்கள். தாங்களும் குடிவந்தவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆக, தங்களிடம் இருப்பது காலம் முடிந்த, பதிவாகாத, இல்லாத ஒரு கடைக்கான ஒப்பந்தம்.

காலம் முடிந்த ஒப்பந்தத்தின் நிலை என்ன என்பதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், வீட்டையும் காலி செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீடிப்பதாகக் கொள்ளப்படும். ஆனால் அது அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கே. அதற்குப் பிறகு எழுத்தில் எதுவுமே இல்லாத குடித்தனமாக அது நிற்கிறது. வாடகைப் பாக்கி ஒரு தனிக் காரணம்தான்: இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, முறையான கேட்பு அறிவிப்பு கிடைத்த பிறகும் சட்டம் தரும் கெடுவுக்குள் அதைச் செலுத்தாதவரை வெளியேற்றுமாறு வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் சட்டம் வந்த பிறகு தொடங்கி, பதிவான ஒப்பந்தம் இல்லாமல் நடக்கும் குடித்தனங்களில் எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடுவது, வாடகை நீதிமன்றத்துக்குப் போவதா உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதா என்பதே முதல் தகராறாக எழுப்பப்பட்டு, சில மாதங்கள் அதிலேயே போய்விடுகின்றன.

ஆகவே என் யோசனை சற்றுச் சுற்று வழியாகத் தோன்றலாம். முதலில் ஒரு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதில் நான்கு மாதப் பாக்கியை மாத வாரியாகக் குறிப்பிட்டு, அதைச் செலுத்துமாறும், இணைத்திருக்கும் புதிய ஒப்பந்த வரைவில் கையெழுத்திடுமாறும் கேளுங்கள். ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அவர் கையெழுத்திட்டால், பாக்கியை ஒப்புக்கொண்ட, காலி செய்யும் தேதி குறித்த, பதிவு செய்யத்தக்க ஆவணம் ஒன்று தங்கள் கைக்கு வந்துவிடும். மறுத்தால், ஒப்பந்தம் செய்துகொள்ள மறுத்தார் என்பதற்கான சான்று கிடைக்கும். அஞ்சலை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் அந்த உறையைப் பிரிக்காமல் வழக்கறிஞரிடம் கொடுங்கள். தொலைபேசியில் கேட்ட நூறு முறையையும்விட அந்த ஓர் உறைக்கு மதிப்பு அதிகம்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடித்தனம் முறைப்படி முடிவுக்கு வந்த பிறகும் காலி செய்யாமல் இருப்பவரிடமிருந்து மாத வாடகையைப் போல் இரு மடங்கை இழப்பீடாகக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மாதம் 24,000 ரூபாய் என்ற கணக்கு அறிவிப்பில் இடம்பெறும்போது, ‘அடுத்த வாரம்’ என்ற பதில் பெரும்பாலும் மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மயிலாடுதுறையில் எங்கள் பூர்வீக வீட்டின் முன்பகுதியில் 1998 முதல் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. என் தந்தையார் வாய்மொழியாகக் குடிவைத்தார். இன்றும் வாடகை 900 ரூபாய்தான். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருந்துவிட்டால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தமாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். தந்தையார் காலமான பிறகு எனக்கு உறக்கமே இல்லை. (ஒரு வாசகி, மயிலாடுதுறை)

பதில்: அம்மா, அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை, அந்தப் பாதியும் தங்கள் குடித்தனக்காரருக்குப் பயன்படாது. வரம்புக் காலச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் எதிரிடை அனுபவம் என்று சட்டம் சொல்வது, உரிமையாளரின் உரிமையை மறுத்து, இது என்னுடையது என்று வெளிப்படையாகக் கொண்டாடி, அவருக்கு எதிராகவே தொடர்ந்து அனுபவித்து வருவதை. தங்கள் தந்தையார் அனுமதித்ததால் உள்ளே வந்து, மாதந்தோறும் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தாலும் வாடகைதாரராகவே இருக்கிறார். குடித்தனம் நீடிக்கும் வரையில், தம்மைக் குடிவைத்தவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இல்லை என்று வாடகைதாரர் வாதிட முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

ஆனால் வாடகை கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டத் தங்களிடம் என்ன இருக்கிறது? தந்தையார் எழுதிய கணக்கு நோட்டு ஒன்று இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில், பெரிதுபடுத்தாமல் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; தாங்கள் எழுதியவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றியது அதுதான். அந்த நோட்டில் மாதம், தொகை, சில இடங்களில் குடித்தனக்காரரின் கையெழுத்தும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதைப் பிணைக்கவோ, புதிதாக எதையும் எழுதிச் சேர்க்கவோ வேண்டாம். இந்த மாதத்திலிருந்து வாடகையை வங்கி வழியாகச் செலுத்துமாறு எழுத்தில் கேளுங்கள். 900 ரூபாய் என்றாலும் அது வங்கிக் கணக்கில் ‘வாடகை’ என்ற குறிப்புடன் ஏறுவது ஒவ்வொரு மாதமும் தங்களுக்குப் புதிய சான்றாகும்.

வாரிசுச் சான்றில் யார் பெயர்கள் இருக்கின்றன, வீட்டு வரி இரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்து, தந்தையார் பெயரிலேயே நிற்பவற்றை மாற்றுங்கள். தங்களுக்குச் சகோதரர்கள் இருந்தால், குடித்தனக்காரருக்கு அனுப்பும் அறிவிப்பில் அவர்களும் சேர்வது நல்லது. பங்காளிகளுக்குள் உள்ள மனத்தாங்கலைக் குடித்தனக்காரர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வது நான் அடிக்கடி காண்கிற ஒன்று.

சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிய வாய்மொழிக் குடித்தனங்களையும் எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. அதற்குத் தரப்பட்ட காலக்கெடுவும், பின்னர் நீட்டிக்கப்பட்ட காலக்கெடுவும் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இரு தரப்பும் அவ்வாறு ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியிருப்பதே, வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கான காரணங்களில் ஒன்று. வழக்கறிஞர்கள் பேச்சில் இது ‘இருபத்தொன்று இரண்டு ஏ’, அதாவது அந்தச் சட்டத்தின் 21(2)(ஏ) பிரிவு. பழைய சட்டத்தில், வேண்டுமென்றே வாடகை கொடுக்கத் தவறினார் என்பதையோ, வீடு தமக்குத் தேவை என்பதையோ ஒவ்வொன்றாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வழக்குகள் மகன், பேரன் என்று தலைமுறை மாறி நடந்தன. 1998இலிருந்து வாய்மொழியில் நிற்கும் தங்கள் குடித்தனத்துக்கு இந்த ஒரு பிரிவே போதுமான வழியைத் திறந்துவிடுகிறது.

ஆயினும் நேரே நீதிமன்றத்துக்குப் போகும் முன், நியாயமான ஒரு வாடகையைக் குறிப்பிட்டு ஒப்பந்த வரைவை அவர்களுக்கு அனுப்புங்கள் என்பேன். 900 ரூபாயை ஒரேயடியாக 9,000 ஆக்கிக் கேட்பது கையெழுத்து வரக் கூடாது என்பதற்காகவே கேட்டதாகத் தோன்றும். வாடகையில் உடன்பாடு வராவிட்டால் அதை நிர்ணயிக்குமாறு வாடகை அதிகாரியிடமும் கேட்கலாம்.

கேள்வி: மதுரையில் என் வீட்டை மூன்று ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஒத்திக்குக் கொடுத்தேன். வாடகை கிடையாது, அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. காலம் முடிந்துவிட்டது. பணம் மகளின் திருமணத்துக்குச் செலவாகிவிட்டது. பணம் கொடுத்தால்தான் காலி செய்வேன் என்கிறார். வேறொருவரிடம் ஒத்தி வாங்கி இவருக்குக் கொடுக்கலாம் என்றால், வீட்டைக் காட்டக்கூட விடமாட்டேன் என்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: சென்னையில் இதையே ‘லீஸ்’ என்பார்கள், சில ஊர்களில் போக்கியம் என்பார்கள். பெயர் எதுவானாலும், இது வாடகைக் குடித்தனமா, அனுபவ அடமானமா என்பதை முடிவு செய்வது ஆவணத்தின் தலைப்பு அன்று. உள்ளே எழுதியிருக்கும் வார்த்தைகளே. கடனுக்கு ஈடாகச் சொத்தை ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அனுபவித்துக்கொள்ள விட்டிருப்பதாக எழுதியிருந்தால் அது அடமானத்தின் தன்மையைப் பெறுகிறது. நூறு ரூபாய்க்கும் அதற்கு மேற்பட்ட தொகைக்குமான அத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால்தான் ஏற்பட முடியும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 59ஆவது பிரிவு. ஐந்து லட்சம் ரூபாயை 20 ரூபாய்த் தாளில் எழுதிக்கொண்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பெட்டியில் வைத்துவிடுவது மதுரையில் மட்டும் நடப்பதன்று. தங்கள் ஆவணம் பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதைக் கொண்டு அடமான உரிமையை அவர் நிலைநாட்டுவது கடினம். ஆனால் பணம் கொடுத்தார் என்பது பொய்யாகிவிடாது, அதைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் அவருக்குப் போய்விடாது.

தங்களுக்குச் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்தைத் தயாராக வைத்திருக்காமல் வீட்டைக் கேட்கும் ஒத்தி உரிமையாளரின் வழக்கு, நீதிமன்றத்தில் தொடக்கத்திலேயே தளர்ந்துவிடுகிறது. எந்த நீதிமன்றமும் முதலில் கேட்பது, ஐந்து லட்சம் எங்கே என்பதைத்தான். அந்த மனிதரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள்: வெளியேறிவிட்டால் அவர் கையில் மீதமிருப்பது ஒரு தாள் மட்டுமே, அவர் பிடித்துக்கொண்டிருப்பது வீட்டை அன்று, தம் பணத்தை.

நடைமுறையில் தீர்கிற வழி இப்படித்தான் இருக்கும். புதிதாக வருபவர் அல்லது கடன் தரும் வங்கி, தொகையைத் தங்கள் கையில் தராமல், இப்போது குடியிருப்பவரின் பெயரில் வங்கி வரைவோலையாக எடுத்து, அவர் சாவியை ஒப்படைக்கும் அதே நாளில், அதே மேசையில் கொடுப்பதாக மூன்று தரப்பும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரைவோலையின் நகலை முன்கூட்டியே காட்டினால், வீட்டைப் பார்க்க விடமாட்டேன் என்ற பிடிவாதம் பெரும்பாலும் தளரும். அதன் பிறகும் அவர் மறுத்தால், பணத்தைத் தர முன்வந்ததைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்பிவிட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்போது நியாயம் தங்கள் பக்கம் வந்திருக்கும். புதியவருக்கும் இதே 20 ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். குத்தகையாக எழுதுவதென்றால், முப்பது ஆண்டுக்கு உட்பட்ட குத்தகைக்கான முத்திரைத் தீர்வை வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகைக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது.

கேள்வி: கோயம்புத்தூரில் என் வீட்டைக் காலி செய்தவரிடம் பத்து மாத முன்பணம் வாங்கியிருந்தேன். வண்ணம் பூசுவதற்கு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டேன். முன்பணமே மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, வண்ணம் பூசுவது உரிமையாளர் செலவு என்று சண்டையிடுகிறார். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்பதே சட்டம். பத்து மாதம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அதைப் பற்றி இப்போது சண்டையிடுவதில் பொருளில்லை. ஆனால் வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதில் மட்டும் தாமதம் செய்யாதீர்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யார் எதைப் பழுது பார்ப்பது என்று சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின் கம்பிகளைச் சரிசெய்வது ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய்த் திருகு, வடிகால் அடைப்பு, சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பக்கம். அன்றாடப் புழக்கத்தில் மங்கிய சுவருக்கு அவர் பணம் தர வேண்டியதில்லை. சுவரில் ஆணி அடித்துப் பெயர்த்திருந்தால், குழந்தை வண்ணக்கோலால் கூடம் முழுவதும் யானை வரைந்திருந்தால், அது வேறு கணக்கு; அதற்குப் புகைப்படமும், வேலைக்காரர் கொடுத்த இரசீதும் வேண்டும். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைக் கழிப்பது என்ற ஊர் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் தங்கள் வாதத்துக்குப் பிடிமானம் இருக்கும். எழுதவில்லை என்றால் சுமுகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: வாடகைதாரர் காலியாக மறுப்பதால், அவர் தரும் வாடகையை வாங்காமல் விட்டுவிட்டால் பாக்கி சேரும், அதை வைத்து வழக்குப் போடலாம் என்று ஒரு தரகர் சொல்கிறார். சரியா? (வாசகர், திருச்சி)

பதில்: தவறு. தரப்பட்ட வாடகையை வாங்க மறுத்தவருக்கு, பாக்கி என்று சொல்லும் தகுதி போய்விடுகிறது. உரிமையாளர் வாங்க மறுத்தால் வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடுவதற்கு வாடகைதாரருக்கு வழி இருக்கிறது. வாடகையை நாள் தவறாமல் கொடுக்கும் நேர்மையானவர் என்ற பெயரையும் தாங்களே அவருக்கு வாங்கிக் கொடுத்ததாகிவிடும். வாங்கிக்கொள்ளுங்கள், அறிவிப்பு ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்வதாக இரசீதில் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரிகிறேன். தாம்பரத்தில் உள்ள என் அடுக்ககத்தை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டேன். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஊர் திரும்ப முடிவு செய்துள்ளேன். எனக்கே வீடு தேவை என்று இப்போதே கேட்கலாமா? என் தம்பி பொது அதிகாரப் பத்திரம் (பவர்) பெற்று வழக்கை நடத்தலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உரிமையாளருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ வீடு தேவைப்படுவது, திரும்பக் கேட்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களுள் ஒன்று. ஆனால் அந்தத் தேவை உண்மையானது என்று காட்டியாக வேண்டும்: வேலையிலிருந்து விலகும் கடிதம், பிள்ளைக்கு இங்கே பள்ளியில் இடம் கேட்டது, சென்னையில் தங்குவதற்கு வேறு வீடு இல்லாதது போன்றவை. இரண்டு ஆண்டு என்று தாங்களே கையெழுத்திட்ட பிறகு, பத்து மாதம் மீதமிருக்கும்போது வழக்குத் தொடுப்பதைவிட, ஒப்பந்தத்தில் முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான அச்சுப் பிரதிகளில் இரண்டு அல்லது மூன்று மாத முன்னறிவிப்பு என்ற பிரிவு இருக்கும், யாரும் படிப்பதில்லை. இல்லாவிட்டால், வேறு வீட்டுக்கு மாறும் செலவை ஏற்பதாகச் சொல்லிப் பேசிப்பாருங்கள். ஒரு மாத வாடகையும் வண்டிக் கூலியும் வழக்குச் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

அதிகாரப் பத்திரம் பற்றி இரண்டு செய்திகள். வெளிநாட்டில் எழுதப்படும் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். கெடு தாண்டிய பத்திரத்தோடு நீதிமன்றப் படியேறும் தம்பிமார்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அடுத்தது, தம்பி மனுவில் கையெழுத்திடலாம், வழக்கறிஞரை அமர்த்தலாம். ஆனால் தங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைப் பற்றித் தங்களுக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீடு எனக்கு ஏன் வேண்டும் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும். விடுப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகைதாரர் இறந்துவிட்டார். ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருக்கிறது. மனைவியையும் மகனையும் உடனே போகச் சொல்லலாமா? (வாசகி, சேலம்)

பதில்: முடியாது. அவரோடு அந்த வீட்டில் வசித்துவந்த மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கு மீதமுள்ள காலம் வரை அந்தக் குடித்தன உரிமை தொடர்கிறது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவர்களையே வைத்திருக்க விரும்பினால் மனைவியின் பெயரில் புதிய ஒப்பந்தம் போட்டுப் பதியுங்கள். இறந்தவரின் பெயரிலேயே வாடகை இரசீது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: நீதிமன்றத்துக்குப் போகாமலே இந்த மாதக் கடைசியில் காலி செய்ய ஒப்புக்கொண்டார். அன்று நான் என்ன எழுதி வாங்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒரு தாள் போதும். தேதி, வீட்டு எண், எத்தனை சாவிகள் திரும்பின, மின் அளவி அன்று காட்டிய எண், முன்பணத்தில் எவ்வளவு கழித்து எவ்வளவு எந்தக் காசோலை எண்ணில் கொடுக்கப்பட்டது, ‘வீட்டின் அனுபவத்தை இன்று ஒப்படைத்துவிட்டேன்’ என்ற வாசகம், இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. அவர் பொருள்களில் சிலவற்றைப் பரணில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பழைய பீரோவும் இரண்டு அட்டைப்பெட்டியும் உள்ளே இருந்ததால், வீடு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை என்ற வாதத்தோடு ஒன்றரை ஆண்டு நடந்த வழக்கு ஒன்றை நான் நடத்தியிருக்கிறேன்.